அண்ணன் கையால் வந்த அரிசி

பசறைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழை விடாமல் பெய்த வாரம் அது. வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்து, நாங்கள் குடியிருந்த காம்பராவின் பின்சுவரை உள்ளே தள்ளிவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. லயத்துச் சனங்கள் எல்லோரையும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நானும் என் கணவரும் எங்கள் இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரு வகுப்பறையில் வேறு குடும்பங்களோடு படுத்துக்கொண்டோம்.

பதுளையிலிருந்து லொறியில் சாமான் வந்தது. அரிசி, பருப்பு, பால்மா, டின்மீன். முகம் தெரியாத யாரோ எங்களுக்காகச் சேர்த்து அனுப்பியவை. அவற்றைப் பங்கிடும் பொறுப்பு என் கூடப் பிறந்த அண்ணனுக்கு வந்தது. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில் பிரதேச சபையை வைத்திருந்த கட்சிக்குத் தோட்டத்தில் அவர்தான் தலைவர். என் கணவரோ மற்றக் கட்சி. ஹாலிஎலவில் நடந்த அவர்களுடைய கூட்டத்தில், எங்களுக்கும் சொந்தமாக ஒரு துண்டுக் காணி வேண்டும் என்று மைக்கில் பேசியவர்.

முதல் பங்கீட்டில் ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்களைக் கூப்பிடவில்லை. மறந்திருப்பார் என்று நினைத்து அண்ணனுக்கு முன்னால் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் அடுத்தவரைக் கூப்பிட்டார். அன்று சாயங்காலம் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார்.

"மேல இருந்து கேக்குறாங்க தங்கச்சி. ஒங்க ரெண்டு பேரு அடையாள அட்டையையும் குடுத்திரு. எலெக்சன் முடிஞ்சதும் தந்திருவேன். சாமான் இன்னைக்கே வரும்."

அட்டை இல்லாமல் ஓட்டுப் போட முடியாது. அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் கணவர் முடியாது என்றார். பக்கத்துக் குடும்பங்கள் தங்கள் சோற்றில் கொஞ்சம் கொடுத்தன. பிறகு அவர்களையும் யாரோ எச்சரித்திருக்க வேண்டும், கொடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். ஒருநாள் எங்கள் சின்னவள் தட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு வீட்டார் அடுப்பருகே போய் நின்றாள். அந்த அம்மா இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் பிள்ளைகளுக்குப் பரிமாறினாள். என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய், இரண்டு அட்டைகளையும் அண்ணன் கையில் தானே கொடுத்துவிட்டு வந்தார். இருட்டுவதற்குள் அரிசி வந்தது. சமைத்தேன். அவரும் சாப்பிட்டார்.

தேர்தலன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

ஆனாலும் அவருடைய கட்சிதான் வென்றது. அண்ணன் அட்டைகளை ஆள் மூலம் திருப்பி அனுப்பினார். இனிமேல் இந்த அநியாயம் நடக்காது என்று என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த லொறி வந்தபோது கட்சிக்காரர்கள் அவரைத்தான் பங்கிடச் சொன்னார்கள். அண்ணன் வீட்டுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது என்றார்கள். அவர் எதிர்த்துப் பேசிப் பார்த்திருக்கிறார். அப்படியானால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம், உங்கள் வீட்டுக்கும் கிடைக்காது என்று சொன்னார்களாம்.

அண்ணி பையோடு கடைசி வரை வரிசையில் நின்றாள். அவள் பெயர் வரவில்லை. சாக்குகளை மடித்து வைத்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனாள்.

"அண்ணி நின்னதப் பாத்தீங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"பாத்தேன்."

"பாத்துமா குடுக்கல?"

"நம்ம புள்ளைங்க சாப்பிட வேணாமா?"

எங்களுக்கு வந்த அரிசியில் பாதியை அண்ணியிடம் கொண்டுபோனேன். என்னைக் கண்டதும் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அண்ணி வாங்கிக்கொண்டாள்.

"இனிமே கொண்டாராத. தெரிஞ்சா ஒன் வீட்டுக்கும் நிறுத்திருவாங்க" என்றாள்.

நான் அதன்பின் கொண்டுபோகவில்லை.

இப்போது எல்லோரும் தகரக் கொட்டகைகளில் இருக்கிறோம். அண்ணன் குடும்பம் பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் அண்ணியும் நானும் எதிர்ப்பட்டால், ஒருத்தி ஒதுங்கி நின்று மற்றவளுக்கு வழி விடுகிறோம். பேசுவதில்லை.