மூன்றாம் பலகை

வேலை நாளில் பாதிரியார் கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாகத் தெருவில் இறங்கினால், ஃபாரோ தீவுகளில் எந்தப் பெண்ணும் கைவேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவாள். கடலுக்குப் போனவர்களில் ஒருவன் இல்லை என்று அர்த்தம். யார் வீட்டு வாசலில் நிற்கப்போகிறார் என்று ஜன்னலுக்கு ஜன்னல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த மார்ச் மாதப் பகலில் அவர் ஹெர்போர்க் வீட்டு வாசலில் நின்றார்.

"உன் வீட்டுக்காரர் ஹானுஸ் போயிட்டாரும்மா" என்றார்.

படகு கரையை நெருங்கும்போது அலை ஒன்று ஏறி அடித்ததாம். துடுப்புப் போட உட்காரும் பலகைகளில் மூன்றாவதில் இருந்தவனை அது வாரிக்கொண்டு போனதை மேட்டிலிருந்து நாலைந்து பேர் பார்த்திருக்கிறார்கள். படகால் கரையேற முடியவில்லை. முனையைச் சுற்றிப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. அவ்வளவு தூரத்தில் முகம் எங்கே தெரியும்? ஆனால் இந்த ஊரில் முகம் எதற்கு! படகில் அவனவன் பலகை அவனவனுக்கு, தகப்பனுக்குப் பின் மகனுக்கு. மூன்றாம் பலகை என்றால் ஹானுஸ்தான், மறுபேச்சு கிடையாது.

செய்தி கேட்டு முதலில் ஓடிவந்தவள் பக்கத்து வீட்டுத் தூரித். அவள் புருஷன் மிக்யலும் அதே படகில்தான். "நான் இருக்கேன்டி, உன்னைத் தனியா விட்டுடுவேனா?" என்று கட்டிக்கொண்டு அழுதாள். அடுப்பை மூட்டினாள், காப்பி போட்டாள், பிள்ளைகளைத் தன் வீட்டுக்கு அனுப்பினாள். ஹெர்போர்க் கல்லாய் உட்கார்ந்திருந்தாள். ஐயோ பாவம், அதிர்ச்சி என்றார்கள் பெண்கள்.

அதிர்ச்சியாவது ஒன்றாவது. விடியற்காலையில் துறையில் மிக்யலிடம் தான் பேசிய பேச்சு அவள் காதிலேயே நின்றது.

"மிக்யல், இவருக்குத் தோளைத் தூக்கவே முடியல. இன்னைக்கு ஒரு நாள் இடம் மாறி உட்காரேன். மூணாம் பலகையிலதான் இழுவை ஜாஸ்தி."

"நல்லா சொன்னீங்க அண்ணி! அவங்க தாத்தா உட்கார்ந்து தேஞ்ச பலகை அது. நான் உட்கார்ந்தா கிழவரு எழுந்து வந்து என் காதைத் திருகுவாரு!" என்று சிரித்தான் மிக்யல்.

மாறினானா இல்லையா? வீட்டில் பசு கன்று போடும் நேரம். படகு கிளம்பும்வரை நிற்காமல் வந்துவிட்டாள்.

இப்போது வாயைத் திறந்தால் என்ன சொல்வது? செத்தது உன் புருஷனாக இருக்கலாம் என்றா? தன் தோளில் முகம் புதைத்து அழுகிறவளிடமா? உள்ளுக்குள் ஒரே நினைப்பு ஓடியது: மாறியிருக்கணும், கடவுளே, மாறியிருக்கணும். தன் மனசை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வேண்டுவதை நிறுத்தவில்லை.

பொழுது சாய்வதற்குள் பக்கத்து ஊரிலிருந்து மலைப்பாதையில் ஆள் வந்து சேர்ந்தான். பாதிரியார் மறுபடியும் அதே வாசலுக்கு வந்தார். இந்த முறை ஹெர்போர்க்கைப் பார்க்கவில்லை.

"தூரித், நீ கொஞ்சம் உட்காரும்மா."

மூன்றாம் பலகையில் இருந்தது மிக்யல் என்பது தூரித்துக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கிய பிறகும் ஹெர்போர்க்கின் கையை விடவில்லை. ஹெர்போர்க்குக்கோ உடம்பெல்லாம் சந்தோஷம், மானங்கெட்ட சந்தோஷம். அதோடு பொய்யும் சேரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"நான்தான்டி காலையில மிக்யலை இடம் மாறச் சொன்னேன்."

"அப்போ, நான் உன்னைக் கட்டிக்கிட்டு அழுதப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா அப்படி இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருந்தேன்."

தூரித் கையை விட்டுவிட்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு ஹானுஸ் இரண்டு வீட்டுக்குமாக மீன் பிடித்தான். தூரித் வாங்கிக்கொண்டாள். வேலியோரம் நின்று ஆட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் ஹெர்போர்க்குடன் பேசுவாள். வேலியைத் தாண்டி ஒரு அடி வைக்கமாட்டாள். ஹெர்போர்க்கும் கூப்பிடவில்லை, எந்த முகத்தோடு கூப்பிடுவாள்?

ஹானுஸ் கிழவனாகிக் கட்டிலிலேயே செத்தான். மற்ற பெண்கள் வருமுன் தூரித் வந்தாள். கண்ணீர் வராமல் உட்கார்ந்திருந்த ஹெர்போர்க்கை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

"அழுடி" என்றாள். "அன்னைக்கு அழாம வச்சிருந்தியே, அதையும் சேர்த்து அழு."