மிலான் சொன்ன பதில்

திருகோணமலைத் துறைமுகத்தில் மூதூர்ப் படகுக்காகக் காத்திருக்கிறேன். தேத்தண்ணிக் கடைக் கதிரையில், முழங்கால் நெஞ்சை முட்ட, நெடிய வெள்ளைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மேசையில் அவருடைய கைத்தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. அவர் எடுக்கவில்லை.

"ஆர் நானா இவர்?" என்று கடைக்கார முஸ்லிம் அண்ணரிடம் கேட்கிறேன்.

"செர்பியாக்காரர், பேர் மிலான். ஒரு கிழமையா இஞ்சதான் தேத்தண்ணி குடிக்கிறார், அரைகுறை இங்கிலீசிலயும் கையாலயும் கதை சொல்லுவார். கூடைப்பந்து ஆடுறதுதான் தொழில். பதினாறு வருசம், ஏழு நாடு. ரெண்டு முழங்காலும் வெட்டித் தைச்சது, சரியா நடக்கவும் ஏலாது. துருக்கியில ஒரு கிளப் இன்னும் ஒரு வருசம் ஆடக் கூப்பிடுதாம். இண்டைக்குப் பதில் சொல்லோணும்."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையா?"

"நான் என்னத்தச் சொல்ல? கால் அவர்ர கால்தானே."

மிலான் எழுந்து படகுத்துறை விளிம்புவரை நொண்டி நடந்து திரும்புகிறார். தொலைபேசியை எடுத்துத் தன் மொழியில் சுருக்கமாகப் பேசிவிட்டு அணைத்து வைக்கிறார். அவர் முகத்தைப் பார்த்து எதையும் அறிய முடியவில்லை.

"என்ன சொன்னீங்க?" கடைக்கார நானா சைகையோடு கேட்கிறார்.

மிலான் கொஞ்சம் யோசித்து, இந்த ஊரில் கற்றுக்கொண்ட தமிழில் சொல்கிறார்:

"ஏலாது."

பிறகு அந்தச் சொல்லைத் தனக்குள் இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறார்.