மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மினுக்கி

"என்ன மாப்ள, ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடியில் கத்தி வைப்பார், திராட்சைத் தோட்டத்தில் ஒட்டுக் கட்டும் ஒட்டுக்காரர். மாப்பிள்ளை என்பது ஷிராஸ் என்ற சிவப்புத் திராட்சை. எவ்வளவு வெயில் அடித்தாலும் முகம் கோணாது. மெல்லிய தோலுள்ள பினோ நுவார் ரகம் அவருக்குத் தொட்டாச்சிணுங்கி. வாசனையோடு நிற்கும் வெள்ளை ரகமான வியோனியே, மினுக்கி. ஒயின் குடிப்பவர்கள் வாயில் நுழையாத பெயர்களைச் சொல்லிக்கொள்ளட்டும். தோட்டத்தில் இவர் வைத்ததுதான் பெயர்.

ஆண்டுக்காண்டு வெயில் ஏறியதில் தொட்டாச்சிணுங்கிகள் கொடியிலேயே வதங்கின. அவற்றை வெட்டி, அடிமரங்களில் ஷிராஸை ஒட்டுக் கட்டச் சொன்னார் முதலாளியம்மா. அங்கேதான் மனிதர் சறுக்கினார். இலையில்லாத குச்சியில் சிவப்பு எது, வெள்ளை எது என்று கண்டுபிடிப்பது லேசில்லை. "கண்ணக் கட்டிவிட்டாலும் நான் சொல்லுவேன்" என்று மார்தட்டி, மாப்பிள்ளைக் குச்சிகளையும், வேறு வரிசைக்கென்று வெட்டிய மினுக்கிக் குச்சிகளையும் ஒரே ஈரச் சாக்கில் போட்டுவைத்தார். பேச்சு சுவாரசியத்தில் கைக்கு வந்ததைக் கட்டினார். காய்த்தபோது கடைசி வரிசையில் சிவப்புக்கு நடுவே வெள்ளை பல்லை இளித்தது.

"ஒயின் தேறலன்னா அந்த வரிசைய நீங்களே வெட்டிடுங்க" என்று முதலாளியம்மா சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தான் கட்டிய கொடியைத் தானே வெட்டுவதா?

ஒயின் அறைக்குப் பொறுப்பு அவர் மனைவி. "ரெண்டையும் பிரிக்காம சேத்தே நொதிக்க விட்டிருக்கேன். சும்மா புலம்பாதீங்க" என்று அதட்டிவைத்தார்.

பீப்பாய் திறந்த அன்று ஒட்டுக்காரர் வாசற்படியைத் தாண்டவில்லை. உள்ளே, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு மனைவி இரண்டு கோப்பைகளில் ஊற்றினார். முதலாளியம்மா ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய்.

"இந்தப் பூ வாசனை எங்கேருந்து வருது?"

"அந்த வெள்ளையிலேருந்துதாங்க" என்றார் மனைவி.

"கடைசி வரிசையத் தொட வேணாம். பக்கத்து வரிசையையும் இதே மாதிரி கட்டச் சொல்லுங்க."

"அதுக்கு நான் மறுபடியும் தப்புப் பண்ணணுமேம்மா!" வாசலிலிருந்து குரல் வந்தது.

முதலாளியம்மா சிரித்து முடிப்பதற்குள் அவர் உள்ளே பாய்ந்து, மனைவியைப் பூட்ஸோடு தூக்கிச் சுற்றினார். "ஐயோ, விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க!" என்று கத்திக்கொண்டே, தன் கோப்பையிலிருந்து ஒரு சொட்டும் சிந்தாமல் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தார் அந்த அம்மாள்.