உள்ளித் தண்ணீர் குடித்தவர்

வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியில் இருந்தார், ஓய்வுபெற்ற கிளார்க். மெலிந்த மனிதர். காலையில் பல்கனியில் நின்று உள்ளிப்பூண்டு அவித்த தண்ணீர் குடிப்பார். "இதயத்துக்கு இதுதான் மருந்து. இங்கிலீஷ் குளிசை நஞ்சு" என்று மனைவிக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வார்.

மருந்துத் தட்டுப்பாடு வந்த வருடம் அது. ஒருநாள் பாமசியில் அவரைக் கண்டேன். அவர் நீட்டிய டாக்டரின் மருந்துத் துண்டைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் கையை விரித்தார்.

"ஐயா, நீங்கள் குளிசையை நம்பிறேல்லையே?" என்று கேட்டேன்.

"நம்பாமல் என்ன? கொழும்பு முழுக்கத் தேடிட்டன், ஒரு இடத்திலையும் இல்லை. மனுசி பயந்திடுவா. அதாலதான் இந்த உள்ளிக் கதை. சொல்லிப்போடாதேங்கோ."

அடுத்த மாதம் மாரடைப்பில் போய்விட்டார். செத்தவீட்டில் மனைவி கத்தினார்: "குளிசை போடுங்கோ எண்டு கெஞ்சினனே! பிடிவாதத்தாலயே போயிட்டீங்களே!"

அந்த அம்மா இன்றும் அவரைத்தான் திட்டுகிறார். உண்மையைச் சொன்னால் அவருக்கு ஆறுதலா, இன்னும் கொடுமையா என்று எனக்குத் தெரியவில்லை.