அலாய் வீலும் ஆயில் ஸ்பிரேயும்

1. வெள்ளைக் கார்

அன்று கடையைத் திறந்து தண்ணீர் மோட்டாரைப் போடும்போதே ஒரு பெரிய வெள்ளைக் கார் உள்ளே வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கந்தசாமி, நாமக்கல்லில் சொந்தமாக லாரிகள் வைத்து ஓட்டுகிறவர். பக்கத்து சீட்டில் அவர் மனைவி சரஸ்வதி, மடியில் பலகார டப்பா. இருவரும் விசேஷத்துக்குப் போகிற உடுப்பில் இருந்தார்கள்.

"ஏனுங்க அம்மிணி, வீலு நாலும் பளபளன்னு ஆவோணும். ஏற்காட்டுக்குப் போறமுங்க. பேத்தி அங்க ஹாஸ்டல்ல படிக்குது. இன்னிக்கு ஆண்டு விழா, புள்ள டேன்ஸ் ஆடுது. சம்பந்தி ஊட்டுக்காரங்களும் வாராங்க" என்றார் கந்தசாமி.

சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று சொன்ன பிறகு வேறு விளக்கம் தேவையில்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் எங்கள் கார் வாஷ் கடையில் வீல் பகுதி முழுக்க என் பொறுப்பு. பாடி கழுவ, உள்ளே வேக்குவம் போட வேறு ஆட்கள் உண்டு. ஆனால் இந்த நசீமா பார்த்து சரி என்று சொல்லாமல் எந்த வண்டியும் வாசலைத் தாண்டாது. இதை எழுதும்போதே எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

குனிந்து பார்த்தேன். நான்கு அலாய் வீலிலும் திட்டுத் திட்டாக வெள்ளை பூத்திருந்தது.

"ஆசிட் போட்டீங்களாங்க?"

"நம்ம லாரி ஷெட்டுலயே வாட்டர் சர்வீஸ் இருக்குதுங்க. லாரி ரிம்முக்குப் போடறதையே பசங்க இதுக்கும் போட்டுப்போட்டாங்க. போவுமுங்களா?"

"கருப்பா இருக்கிற பிரேக் டஸ்ட் போயிடும். ஆசிட் தின்ன இடம் தின்னதுதாங்க. அதுக்குப் பெயிண்ட் கடைக்குத்தான் போகணும்."

அவர் முகம் சுண்டியது. ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிட்டுத்தான் நான் பிரஷ்ஷை எடுப்பேன். எங்கள் முதலாளி பிரபு என்னைவிட வயதில் சிறியவன், நல்ல பையன், ஆனால் வாடிக்கையாளர் முகம் கோணினால் பதறிப்போவான். "நசீமாக்கா, நல்ல பார்ட்டி. சீக்கிரம் முடிச்சு அனுப்பிடுங்க" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனான்.

2. முதலில் கை, பிறகு தண்ணீர்

சீக்கிரம் என்பது சக்கரத்திடம் செல்லாது. புதிதாக வருகிறவர்கள் முதலில் செய்கிற தப்பு, வண்டி வந்து நின்றதும் பிரஷர் வாஷரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. ஓடி வந்த வண்டியின் பிரேக் டிஸ்க் சூடாக இருக்கும். அதில் பச்சைத் தண்ணீரைப் பீய்ச்சினால் டிஸ்க் கோணிக்கொள்ளலாம். சூடான வீலில் கெமிக்கல் அடித்தால் வடிவதற்குள் காய்ந்து கறை பிடிக்கும். அதனால் வண்டியை நிழலில் நிறுத்தி, புறங்கையை வீலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். தொடக் கூடாது. பக்கத்தில் போனாலே தெரியும்.

இன்னொன்று, ஏர் கன் வைத்து ஊதுவது. ஊதினால் கருப்பெல்லாம் நொடியில் பறக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். அந்தத் தூள், பிரேக் பேடும் அது உரசுகிற டிஸ்க் இரும்பும் தேய்ந்து வந்தது, போய்ச் சேருகிற இடம் உங்கள் நெஞ்சு. நான் அம்மாபேட்டையில் நூலுக்குச் சாயம் போடுகிற பட்டறையில் வேலை செய்துவிட்டு இங்கே வந்தவள். கண்ணுக்குத் தெரியாமல் மூக்கில் ஏறுவது என்ன செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்க், கிளவுஸ், கண்ணாடி மூன்றும் போட்டுக்கொண்டு, முதலில் மெதுவான தண்ணீரில் தூளை நனைத்து அடக்க வேண்டும். உலர்ந்த தூளைத் துடைத்தாலும் வீலில் கீறல் விழும். வீலுக்கென்று தனி பக்கெட், தனி பிரஷ். வீல் துடைத்த துணியை பாடியில் போட்டு யாராவது தேய்த்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும், கடையில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றும் அப்படித்தான் ஒவ்வொரு வீலாகப் புறங்கையைக் காட்டிக்கொண்டு வந்தேன். முன் வலது சக்கரம் நன்றாகச் சுட்டது. முன் இடது சக்கரம் அந்த அளவு சுடவில்லை. நிழல் பக்கமாக ஓடி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறட்டும் என்று கந்தசாமிக்கும் சரஸ்வதிக்கும் டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். கந்தசாமி டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாட்சையே பார்த்தார்.

ஆறிய பிறகு வலது பக்கம் ஆரம்பித்தேன். அலாய் வீலுக்கென்று வருகிற, ஆசிட் இல்லாத கிளீனரை அடித்தேன். இரும்புத் தூள் பட்ட இடமெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் வடிந்தது. எத்தனை வருஷமானாலும் அந்த நிறம் வடிவதைப் பார்க்க எனக்கு அலுக்காது. காய விடாமல் பிரஷ் போட்டு, ஸ்போக்கின் பின்பக்கமும் பேடை அழுத்துகிற கேலிப்பரைச் சுற்றியும் கழுவிவிட்டேன்.

பிறகு இடது பக்கம் வந்தேன். அங்கே தூள் கொஞ்சமாகத்தான் இருந்தது. இருந்ததும் தூளாக இல்லை, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு உள்பக்கம் கோடு கோடாக வழிந்திருந்தது. தண்ணீர் பட்டதும் அதன் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய் மிதந்தது.

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன்.

3. சாவி

"இந்தப் பக்கம் பிரேக்ல எண்ணெய் பட்டிருக்குங்க" என்று அவரிடம் போய்ச் சொன்னேன். "என்ன எண்ணெய்னு எனக்குத் தெரியாது. ஆனா இருக்கக் கூடாத இடத்துல இருக்கு. அந்தப் பக்கம் நல்லா சுடுது, தூளும் நிறைய. இந்தப் பக்கம் ரெண்டும் இல்லை. ஒரு பக்கம்தான் ஒழுங்கா பிடிக்குது. இப்படியே மலைக்குப் போகாதீங்க."

கந்தசாமி சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "நாமக்கல்லுல இருந்து ஓட்டிக்கிட்டுத்தான வாரேன். பிரேக்கு புடிக்காமயா வந்தேன்? வண்டி வாங்கி வருசம் திரும்பலைங்க. வீலக் கழுவச் சொன்னா கழுவுங்க அம்மிணி, பிரேக்கப் பாக்கச் சொல்லலை."

பிரபு ஓடி வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "அக்கா, நம்ம வேலை கழுவுறதுதானே?"

"கழுவுனதாலதான் தெரிஞ்சுது பிரபு. கழுவித் தரேன். சாவிய மட்டும் நீயே கொடு, என் கையால கொடுக்க மாட்டேன்."

நான் மெக்கானிக் இல்லை. நான் சொன்னது தப்பாகப் போனால் ஒரு குடும்பத்தின் நல்ல நாளைக் கெடுத்தவள் என்று பெயராகும். பிரபுவும் முகம் கொடுத்துப் பேச மாட்டான். ஆனால் ஏற்காட்டு வளைவுகளில் அந்த வண்டி இறங்குவதை நினைத்துப் பார்த்தேன், பின்வாங்க மனம் வரவில்லை.

அப்போது சரஸ்வதி காரை விட்டு இறங்கி வந்தார். "ஏனுங்க, காலையில இருந்து வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? ஒருக்கா ஓட்டித்தான் பாருங்களே."

"அது ரோடு சரியில்லைன்னு சொன்னனாக்கு" என்று முனகினாலும் அவர் ஏறி உட்கார்ந்தார். கடைக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத அகலமான சந்து ஒன்று இருக்கிறது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காமல், மெதுவாக ஓட்டி பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். மிதித்தார். வண்டியின் மூக்கு வலது பக்கம் திரும்பியது. பின்னால் எடுத்து மறுபடி மிதித்தார். மறுபடியும் வலது பக்கமே போனது.

இறங்கி வந்து இடது சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"நேத்து ஷெட்டுல கழுவறப்ப அடியில ஆயில் ஸ்பிரே அடிக்கச் சொன்னனுங்க. துருப்புடிக்காம இருக்கட்டும்னு லாரிக்கு எப்பவும் அடிக்கறதுதான். லாரிக்கு டிரம்மு பிரேக்கு, மூடியிருக்கும், உள்ள போவாது. இதுல டிஸ்க்கு தொறந்தாப்பல கெடக்குது, இந்தப் பக்கம் நெறையா அடிச்சுப்போட்டாங்களாட்ட இருக்குது. எனக்கு ரோசனையே வல்லீங்க."

லாரி ஊர்க்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. தன் வண்டி மேல் அக்கறை இல்லாதவர் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்.

பக்கத்துத் தெரு பிரேக் மெக்கானிக் சேகரைக் கூப்பிட்டோம். வீலைக் கழற்றிப் பேடை வெளியே எடுத்தபோது அது எண்ணெயில் ஊறிப்போயிருந்தது. "இதைத் துடைச்செல்லாம் போட முடியாதுண்ணே. முன்னால ரெண்டு பக்கமும் புதுசு போட்டாதான் சமமா பிடிக்கும்" என்றான். பேட் வாங்க ஆள் போனது. டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்தான். அதற்குள் நான் மற்ற வீல்களை முடித்தேன்.

பேட் வந்து சேருவதற்குள் மலையில் விழா ஆரம்பித்துவிட்டது. அங்கே போயிருந்த அவர்கள் மகள், பேத்தியின் அம்மா, வீடியோ கால் போட்டாள். கடை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சரஸ்வதி போனைப் பிடித்துக்கொண்டார். கந்தசாமி பின்னால் நின்று குனிந்து பார்த்தார். பச்சைப் பாவாடையில் ஒரு குட்டிப்பெண் வரிசையில் ஆடுவது கோடு கோடாக விட்டுவிட்டுத் தெரிந்தது. சரஸ்வதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சொன்னது சரிதான் என்று தெரிந்தும், அந்தப் பிள்ளை கூட்டத்தில் இவர்களைத் தேடியிருக்குமே என்ற எண்ணம் போகவில்லை.

"வெசனப்படாதீங்க அம்மிணி" என்று சரஸ்வதிதான் எனக்குச் சொன்னார். "டேன்ஸு போனாப் போவுது. நாங்க போய்ச் சேரோணுமில்ல."

சேகர் சொன்னபடி ஓமலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் மெதுவாக பிரேக் அடித்து அடித்துப் புதுப் பேடைப் பழக்கிவிட்டு, பிறகுதான் மலைப்பக்கம் திரும்பினார்கள்.

4. திரும்பி வந்த வண்டி

சாயங்காலம் கடை மூடுவதற்கு முன்னால் அதே வெள்ளைக் கார் வந்து நின்றது. பின் சீட்டில் லீவுக்கு ஊருக்கு வருகிற பேத்தி, பாவாடையை மாற்றாமலே தூங்கிப்போயிருந்தாள். பிரபு ஹோஸைத் தூக்கினான். "கிட்டப் போகாதே, மலையிறங்கின சூடு" என்று தடுத்தேன்.

"ஷெட்டுல போன் போட்டுச் சொல்லிட்டனுங்க, காருப் பக்கம் ஸ்பிரே கன்னு போவக் கூடாதுன்னு" என்றார் கந்தசாமி. பிறகு சங்கடமாக வீலைக் காட்டினார். "காலைல நீங்க அத்தனை பாடுபட்டுப் பளபளன்னு பண்ணிக் குடுத்தீங்க. பிரேக்க ரொம்ப மிதிக்காம சின்ன கியர்லயேதான் எறங்குனேன், அப்பிடியும் பாருங்க, மறுக்காக் கருப்பாப் போச்சு."

நான் குனிந்து முன் வலது சக்கரத்தைப் பார்த்தேன். சுற்றி வந்து முன் இடது சக்கரத்தைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே கருப்பு, உலர்ந்த தூள், ஒரே அளவு. புறங்கையைக் காட்டினேன். இரண்டும் ஒரே சூடு, பிரேக் இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் அழுக்காக வந்த ஒரு சக்கரத்தைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சக்கரத்து அழுக்கைப் போக்குவதற்கு முன்னால் அதை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள், யார் முகம் கோணினாலும்.

"ஆறினதும் ஒரு தடவை கழுவி விட்டுடலாமாக்கா?" என்று பிரபு கேட்டான்.

"வேண்டாம்" என்றேன். "அப்படியே ஊருக்குப் போகட்டும்."