அத்தை பார்த்த ஒரே படம்

என் மாமனாருக்கு மெதுவாகப் பேச வராது. பெரம்பலூர் வீட்டுக்கு நான் மருமகளாக வந்த மறுநாள் காலை, கூடத்திலிருந்து “காபி கிடைக்குமா?” என்று ஒரு குரல் எழுந்தது. படையெடுத்து வந்த அரசன் கோட்டை வாசலில் நின்று கேட்பது போலிருந்தது. நான் திடுக்கிட்டுக் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார் திரும்பவே இல்லை. “பயப்படாத. மைக்கு இன்னமும் எட்டத்துல இருக்குதுன்னு நெனச்சிக்கிட்டிருக்காரு” என்றார்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது அது. நான் லால்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். பெரம்பலூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை. மாப்பிள்ளையின் அப்பா ஒரு காலத்தில் சினிமாவில் இருந்தவர் என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். எவ்வளவு இருந்தார் என்பதை அவர் வாயால்தான் கேட்டேன். அரியலூரில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனியில் பதினாறு வயதில் சேர்ந்திருக்கிறார். படங்கள் பேசத் தொடங்கிய புதிதில் கல்கத்தாவுக்கு ரயிலேறிய கூட்டத்தில் அவரும் ஒருவர். படமெடுக்க அப்போது அங்கேதான் வசதி. பாட்டும் பேச்சும் நடிக்கும்போதே பதிவாக வேண்டும். மைக் காமிராவின் கண்ணில் படாமல் எங்கோ எட்டத்தில் தொங்கும். வாத்தியக்காரர்கள் செடி மறைவில் உட்கார்ந்து வாசிப்பார்கள். உருக்கமான காட்சியில் ஒரு காக்கை கத்தினால் போதும், எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். காக்கை விரட்டவே சம்பளத்துக்கு ஓர் ஆள் இருந்தாராம்.

மாமா இயக்குநர் ஆனதும் ஒரு விபத்துதான். வடக்கத்தி இயக்குநருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. அழ வேண்டிய இடத்தில் நடிகை சிரித்தாலும் “பேஷ்” என்பார். பக்கத்தில் வேடத்தோடு நிற்கும் மாமா பொறுக்க முடியாமல், “இல்லீங்க, இங்க அவ புருஷன் செத்துட்டான்” என்று எடுத்துச் சொல்வார். இப்படியே எடுத்துச் சொல்லிச் சொல்லி, அடுத்த படத்துக்கு அவரையே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். நாலு படங்கள் இயக்கினார். மூன்றில் அவரே கதாநாயகன். நாலாவது படம் சரியாக ஓடவில்லை. அதற்குள் பாட ஒருவர், நடிக்க ஒருவர் என்று காலமும் மாறிவிட்டது. மாமா முறுக்கிய மீசையோடு ஊருக்குத் திரும்பி, குன்னம் பக்கத்து நிலத்தில் வெங்காயமும் பருத்தியும் போட்டார். அதைப் பற்றிய வருத்தம் எதையும் நான் அவரிடம் பார்த்ததில்லை. வெங்காய நாற்று நடும் பெண்களிடம்கூட, “நீ கொஞ்சம் இடது பக்கம் வாம்மா, வெளிச்சத்த மறைக்காத” என்றுதான் சொல்வார்.

அந்த வீட்டில் புரியாமலிருந்தது ஒன்றே ஒன்று. அத்தை தன் கணவர் நடித்த ஒரு படத்தையும் பார்த்ததில்லை. எந்தப் படத்தையுமே பார்த்ததில்லை. பஸ் தியேட்டரைக் கடக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். காரணத்தை ஒருநாள் வெங்காயம் உரித்தபடி அவரே சொன்னார். கல்யாணமான ஆறாம் மாதம், திருச்சிக்குப் போய்ப் படம் பார்த்து வந்த பெரியம்மா மகள் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாளாம். “உன் புருஷன் இன்னொருத்திக்குத் தாலி கட்டுறாருடி. மூணு முடிச்சு. நானே எண்ணுனேன்!” அன்றைக்கே அத்தை சிறுவாச்சூருக்கு நடந்து போய், இனி சினிமாக் கொட்டகைக்குள் கால் வைப்பதில்லை என்று அம்மன் முன்னால் சத்தியம் செய்துவிட்டார்.

“அது நடிப்புதானே அத்தை?” என்றேன்.

“நடிப்புன்னா ஒரு முடிச்சோட நிறுத்த வேண்டியதுதானே?” என்றார்.



மூன்று வருடம் கழித்து, அரியலூரில் ஒரு தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாகப் பழைய படம் ஒன்று போடுவதாகச் சுவரொட்டி வந்தது. அது மாமாவின் மூன்றாவது படம். தாலி கட்டிய அதே படம். ஒரே ஒரு காட்சிதான். செய்தி தெரிந்ததும் மாமா சலவைச் சட்டை எடுத்து வைத்தார், மீசைக்கு மை போட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, சட்டையைத் திரும்பக் கொடியில் மாட்டிவிட்டு, “இவ வரலைன்னா நான் மட்டும் போயி யாரப் பாக்குறது?” என்றார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அத்தை உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு சிறுவாச்சூருக்குப் புறப்பட்டார். சத்தியத்திலிருந்து விடுதலை வேண்டுமென்றால் அம்மனிடம் பூப்போட்டுக் கேட்க வேண்டும். சிவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம். கண்ணை மூடி ஒன்றை எடுக்க, வெள்ளை வந்தால் போகலாம். கூட்டத்துக்கு நடுவில் ஓர் ஓரமாக உட்கார்ந்து நான் இலையில் பூவை மடித்துக்கொண்டிருந்தேன். அத்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

“ரெண்டுலயும் வெள்ளையே வச்சிரு” என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் அம்மனைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவரோடு சேர்த்து நாங்கள் நாலு பேரும் அரியலூர் பஸ்ஸில் போனோம். அத்தை பட்டுச் சேலை உடுத்தியிருந்தார். அரங்கில் ஐம்பது பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். ஒரு பத்து இளைஞர்கள், சுண்ணாம்புச் சுரங்கத்தில் வேலை செய்பவர்கள், விடுமுறைக்குப் பொழுதுபோக வந்தவர்கள், எங்களுக்கு முன் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். படம் தொடங்கியது. தேய்ந்துபோன பிரதி, திரையில் ஒரே மழைக்கோடு. அந்த மழைக்குள்ளிருந்து சுருட்டை முடியும் அகன்ற மார்புமாக என் மாமனார் பாடிக்கொண்டே நடந்து வந்தார். நான் ஓரக்கண்ணால் அத்தையைப் பார்த்தேன். பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு வந்தவர் மாதிரி, ஒரு சலனமுமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

பாட்டு முடியவே இல்லை. முடிந்ததும் அடுத்த பாட்டு. முன்வரிசைப் பையன்களுக்குப் பொறுமை போய்விட்டது. “யோவ், மூச்சு வுடுய்யா!” என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். கதாநாயகன் வசனம் பேசும்போதெல்லாம் ஒருவன் அதே தொனியில் திருப்பிச் சொன்னான். மாமா அசையவில்லை. ஆனால் முழங்காலில் இருந்த அவர் விரல்கள் வேட்டியைக் கசக்கிக்கொண்டிருந்தன. எதற்கு இவர்களைக் கூட்டிவந்தோம் என்று எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

அப்போது கல்யாணக் காட்சி வந்தது. மேளம் முழங்கியது. அத்தை இருக்கையின் நுனிக்கு நகர்ந்தார். மாமாவின் முகம் திரை முழுக்க வந்து போனது. அடுத்து மணமகளின் கழுத்து. பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிச்சுப் போட்டன.

அத்தை சட்டென்று எழுந்து நின்றார்.

“இது இவுரு கை இல்ல!”

அரங்கம் முழுக்கக் கேட்டது. மாமாவோடு நாற்பது வருடம் வாழ்ந்ததில் அவர் குரலும் அப்படி ஆகியிருக்க வேண்டும். முன்வரிசைப் பையன்கள் திரும்பினார்கள். “என்னா ஆயா சொல்ற?” என்றான் ஒருவன்.

“அந்தக் கை இவுருதில்லப்பா. கட்டை வெரலப் பாரு, முருங்கைக்கா மாதிரி நீட்டிக்கிட்டு. இவுருது கொழுக்கட்டைல்ல? நாப்பது வருசமா இந்தக் கைக்குச் சோறு போடுறேன், எனக்குத் தெரியாதா?” என்று சொல்லி, பக்கத்திலிருந்த மாமாவின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

பையன்கள் அந்தக் கையைப் பார்த்தார்கள், மீசையைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள். “அடேய், ஹீரோடா இவரு!” என்று ஒருவன் எழுந்து நின்றான். அதற்குப் பிறகு அந்தப் படத்துக்குக் கிடைத்த விசிலும் கைதட்டலும் வெளியான நாளில்கூடக் கிடைத்திருக்காது. ஒவ்வொரு பாட்டுக்கும் “ஒன்ஸ்மோர்” கேட்டார்கள். இடைவேளையில் மாமாவைச் சுற்றி நின்றுகொண்டார்கள். தியேட்டர் மானேஜர் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

அங்கேதான் கதை வெளியே வந்தது. “கூட நடிச்ச பொண்ணு ஒத்துக்கல தம்பி” என்றார் மாமா. “அவ வூட்டுக்காரரு எங்களுக்கு ஆர்மோனியம் வாசிச்சவரு. அவரு கையத் தவுர வேற கை கழுத்துல தாலி கட்டக் கூடாதுன்னு ஒரே அழுவை. அரை நாள் ஷூட்டிங் நின்னுபோச்சு. சரி, மூஞ்சி என்னுது, கை அவருதுன்னு வச்சிக்கிட்டேன். என் ஜிப்பாவ அவருக்கு மாட்டி, கைய மட்டும் எடுத்தோம்.”

எனக்கு ஆறவில்லை. “இதை அத்தைகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா?”

“சொன்னேனேம்மா. மூணு தடவ சொன்னேன். சினிமாக்காரன் பேச்ச நம்ப மாட்டேன்னுட்டா.”

அத்தை கலர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, “நாலாவது தடவ சொல்லியிருக்கணும்” என்றார்.

அதன்பிறகு அத்தைக்கு மற்ற மூன்று படங்களையும் பார்த்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. மாமா தெரிந்த இடங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். ஒரு பிரதியும் மிஞ்சவில்லை. அதனால் சாயங்காலங்களில் அவரே ஒவ்வொரு படமாக, எல்லா வேடமும் தானே கட்டி, கூடத்தில் நடித்துக் காட்டினார். எண்பதுகளில் எங்கள் வீட்டுக்கு டிவி வந்த பிறகும் இது நடந்தது. அத்தை சுலபத்தில் விடுகிற பார்வையாளர் இல்லை. “அந்த ராணி என்னா கலரு சேல கட்டியிருந்தா?” என்பார். “கறுப்பு வெள்ளப் படம் புள்ள” என்பார் மாமா. “எடுக்கறப்ப கலரு இருந்திருக்கும்ல?” என்பார் அத்தை. மாமா யோசித்து, “பச்சை” என்பார்.

நாலாவது படத்தை நடித்து முடித்த அன்று மட்டும் தகராறு வந்தது. கடைசிக் காட்சியில் கதாநாயகன் கொள்ளிடம் வெள்ளத்தில் தம்பியைக் காப்பாற்றிவிட்டுத் தான் அடித்துச் செல்லப்படுகிறான். அத்தைக்குப் பிடிக்கவில்லை.

“அவன ஏன் சாவடிச்சீங்க?”

“சனங்க அழுவணும்ல.”

“அழுதாங்களா?”

“சனம் வந்தாத்தானே அழுவறதுக்கு?” என்றார் மாமா.

“அதான். பொழைக்க வையிங்க. டைரக்டரு நீங்கதானே?”

மறுநாள் முழுக்க மாமா வெங்காயக் காட்டுப் பக்கம் போகவில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருந்தார். சாயங்காலம் எங்கள் எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு, கடைசிக் காட்சியை மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை வெள்ளத்தில் ஒரு வாழைமரம் மிதந்து வந்தது. கதாநாயகன் அதைப் பிடித்துக்கொண்டான். ராத்திரியெல்லாம் மிதந்து, விடியும்போது ஏலாக்குறிச்சிக்குக் கிட்டே கரை ஒதுங்கினான். ஆடு ஓட்டி வந்த ஒரு குடும்பம் அவனைத் தூக்கி உட்காரவைத்து, ஒரு சட்டியில் கூழ் கொடுத்தது. மாமா தரையில் சம்மணமிட்டு, நடுங்கும் இரண்டு கைகளாலும் அந்த இல்லாத சட்டியை ஏந்தி வாயருகே கொண்டுபோனார்.

“என்னா கூழு?” என்றார் அத்தை.

மாமா சட்டியை இறக்காமலே, “கம்பங்கூழு” என்றார்.

“அப்ப பொழச்சிக்குவான்” என்று சொல்லிவிட்டு அத்தை உலை வைக்க எழுந்தார்.