செவலையின் மேல் பூசிய கற்பூரம்

எங்கள் செவலைப் பூனை கழுத்தைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டது. பந்தல்குடிப் பக்கம் ஆட்டுச் சொறிக்குச் செய்வதுபோல, வேப்பெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்து அதன் உடலெங்கும் பூசினேன்.

"ஏங்க, ஆட்டு மருந்தப் போயி பூனைக்குத் தடவுறீகளே! டவுனு டாக்டர்ட்ட ஒரு எட்டுக் காட்டிட்டு வாங்களேன்" என்றாள் என் மனைவி.

"இயற்கை மருந்து எவ்வுயிரையும் கெடுக்காது. நீ பேசாதிரு" என்று அவளை அடக்கினேன்.

மாலைக்குள் பூனை வாயில் நுரை தள்ளி நடுங்கியது. கூடையில் வைத்து அருப்புக்கோட்டைக்கு விரைந்தோம். கால்நடை மருத்துவர் அதன் உடலைக் கழுவி ஊசி போட்டார்.

"பூனைக்கு நாக்குதாங்கய்யா குளியலே. நீங்க பூசுனத நக்கி நக்கி வயித்துக்குள்ள அனுப்பிருச்சு. கற்பூரம் அதுக்கு விசம். அரிப்பு வெறும் தெள்ளுப்பூச்சியால வந்தது. தேறுனதும் நாக்கு எட்டாத பிடரியில சொட்டு மருந்து விடுவேன், அம்புட்டுத்தான்" என்றார்.

பூனை பிழைத்துக்கொண்டது. என் கையிலிருந்தே சோறுண்ட அது, இப்போது என் விரல்களை முகர்ந்துவிட்டுப் பின்வாங்குகிறது. மனைவி நீட்டினால் உண்கிறது. வாயற்ற உயிரின் துன்பத்தை நான் அறியாமற்போனதைக்கூட மன்னித்துக்கொள்வேன். அதற்காகப் பேசியவளின் வாயை அடைத்தேனே, அதுதான் இன்றும் உறுத்துகிறது.